கோவிந்தா சத்தமும் ஹெட்செட் நைனாவும்

மலைமேல் இருக்கிற பெருமாளுக்கு அடுத்தபடியாக எங்கள் வட்டாரத்தில் ஜனங்களை அதிக நேரம் காக்கவைத்த ஆள் ஹெட்செட் நைனாதான். பெருமாளாவது கடைசியில் தரிசனம் கொடுத்துவிடுவார். நைனாவிடம் அந்த உத்தரவாதமும் கிடையாது.

திருச்சானூரில் கோயிலைத் தாண்டி மூன்றாவது சந்தில் ஒரு லாட்ஜ். முப்பத்திரண்டு அறைகள். நைனா அங்கே ரிசப்ஷன். பெட்ஷீட், தலையணை உறை, சாவிக்கொத்து, கீசர் எல்லாம் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுவே ஜாஸ்தி. எந்த அறைக் கீசரை அணைக்காமல் வந்தோமோ என்று பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவாமல் ஓடுகிற ஜாதி நான். நைனாவுக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிற மகள். இத்தனையும் இருந்தும் தலையில் பச்சையும் நீலமுமாக மினுக்குகிற ஒரு ஹெட்செட். கையில் போன், போனுக்குள் துப்பாக்கிச் சண்டை.

"வீட்ல ரெண்டு புள்ளைங்க. பெருசு காலேஜ் முடிச்சிடுச்சு, சின்னது லாட்ஜுக்குப் போய்க்கினு கீது" என்பார் அவர் மனைவி.

ஆட்டத்தில் அவருடைய சிப்பாய் என்ன செய்கிறானோ அதையே நைனாவின் உடம்பும் செய்யும். அவன் குனிந்தால் இவர் குனிவார். அவன் தரையோடு தரையாகப் படுத்தால் இவரைக் கவுன்டருக்கு மேலே பார்க்க முடியாது. ஒருமுறை கடப்பாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று யாருமில்லாத கவுன்டரைப் பார்த்து "பாபு, பாபு" என்று கூப்பிட்டபடி நின்றது. அடியிலிருந்து ஒரு விரல் மட்டும் மேலே வந்தது. "ரெண்டு நிமிஷம் ஆகண்டி, அப்டியே நில்லுங்க. ஜன்னல்ல ஒருத்தன் கீறான்" என்றது குரல். குடும்பத் தலைவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார்.

அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தன் வடமாலபேட்டை, மற்ற இரண்டு பேர் எந்த ஊரோ. யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்க, சிப்பாய்கள் விமானத்திலிருந்து குதிப்பதற்கு முன்னால் நைனா ஒவ்வொருத்தனையும் "துன்னியா? இன்னா துன்னே?" என்று விசாரிப்பார். எவனாவது இன்னும் இல்லை என்றால் போரே தள்ளிப்போகும். வெறும் வயிற்றில் சுட்டால் கை நடுங்கும் என்பது அவர் கட்சி. மகள் கூப்பிடுகிற மாதிரியே, அப்பா என்கிற அர்த்தத்தில் வெளியில் முதலில் நைனா என்று கூப்பிட்டது அவர்கள்தான். பிறகு ஓனர், பூக்காரம்மா, ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அவர் நைனாவாகிவிட்டார்.

ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார். கேட்க வேண்டியதில்லை, தானாக வரும். சீரியலில் ஒரு மாமியார் மாடிப்படி இறங்கி முடிக்க மூன்று நாள் ஆகிறது, அதற்குள் நான் ஒரு தீவையே பிடித்துவிடுவேன் என்பார். ரீல்ஸ் பார்ப்பது ஒன்றும் வாங்காமல் பஜாரில் செருப்புத் தேய நடப்பது மாதிரியாம். இப்போதைய கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் டிரோனைத்தான் பார்க்கிறார்களாம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது ஆல்பம் வந்த பிறகுதானாம். சொந்தக்காரர்கள் காலையில் போனுக்கு அனுப்புகிற பூப்படங்களைப் பற்றியும் ஒன்று உண்டு: முந்நூறு பூ வருது, ஒரு பூவுலயும் வாசனை இல்லை.

சினிமாதான் அவருக்கு ஆகவே ஆகாது.

"மூணு மணி நேரம் ஈரோ ஒரு தபா கூட சாவமாட்டான். அவன்கிட்ட இன்னா கத்துக்கறது? நான் ஒரு நாளைக்கு நாப்பது தபா சாவறேன். திரும்பி எழுந்து வர்றேனா இல்லியா?"

அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒருநாள் ஓனர் அவசரமாகக் கூப்பிட, போனை என் கையில் திணித்துவிட்டு, நான் வருகிறவரை சாகாமல் பார்த்துக்கொள் என்று போய்விட்டார். சிப்பாயை ஒரு பாத்ரூமுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தியதா என்று நாலு தடவை பார்த்தேன். அவர் திரும்பி வந்தபோது நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் செத்திருந்தார்கள். நான் யாரையும் சுடவில்லை, வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பயப்படுகிறவனுக்குத்தான் ஆயுசு கெட்டி என்று நைனா லாட்ஜ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகள் பெயர் யாமினி. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். வீட்டிலிருந்தே ஆன்லைன் இன்டர்வியூ. நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். நடுவில் படம் உறைந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்காரர்களின் திரையில் அவள் வாய் திறந்தபடியே நின்றாளாம். பக்கத்து அறையில் நைனா அதே இன்டர்நெட்டில் தீவைப் பிடித்துக்கொண்டிருந்தார். லைன் திரும்பி வந்தபோது அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

யாமினி கத்தவில்லை. "உன் கேம் என் வேலைய துன்னுடுச்சு நைனா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பத்து நாள் அவரிடம் பேசவில்லை.

அந்தப் பத்து நாளும் நைனா கருத்துச் சொல்லவில்லை. புதுப்படம் எப்படியாம் என்று நானாகப் போய் வாயைக் கிளறினேன். "ஓடுதாம்" என்றார். எனக்குக் கலக்கமாகிவிட்டது. சர்க்கரை ஏறியிருக்குமோ, இறங்கியிருக்குமோ என்று அவர் மேசை டிராயரில் சாக்லேட் இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன்.

பிறகு ஸ்ரீசிட்டியிலேயே வேறொரு கம்பெனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. இன்டர்வியூ அன்று காலை நைனா என்னிடம் வந்து, "நூத்தி மூணு காலியா கீதா?" என்று கேட்டார். லாட்ஜ் இன்டர்நெட் லைன் வேகமானது. கஸ்டமர்களுக்காக என்று சொல்லி ஓனரிடம் தன் ஆட்டத்துக்காக அவர் போடவைத்த லைன். தன்னுடைய சுழல்நாற்காலியை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மற்ற அறைகளின் இணைப்பையெல்லாம் பிடுங்கினார். தன் போனை அணைத்தார். கடைசியாக ஹெட்செட்டைக் கழற்றி நீட்டினார். வீட்டிலிருந்து வந்திருந்த யாமினி அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். ஹெட்செட் இல்லாத நைனாவை அன்றுதான் பார்த்தேன். உச்சந்தலையில் முடி ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளமாகியிருந்தது.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ தொடங்கியது. பதினொன்றே காலுக்கு வாசலில் பஸ் வந்து நின்றது.

நாற்பது பேர். எல்லாம் மஞ்சள் துணி. இறங்கின உடனேயே ஒரு பெரியவர் கையைத் தூக்க, நாற்பது தொண்டையும் சேர்ந்து "கோவிந்தா" என்றது. நூற்று மூன்றின் ஜன்னல் அதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இந்த ஊரில் ஒருத்தரை நகரச் சொல்லலாம், செருப்பைக் கழற்றச் சொல்லலாம், வரிசையில் நிற்கச் சொல்லலாம். கோவிந்தா சொல்லாதே என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வாய் வராது, வந்தாலும் ஊர் விடாது. பெரியவர் இரண்டாவது தடவை கையைத் தூக்கினார்.

நைனா படியிறங்கி அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "ஏடுகொண்டலவாடா" என்று ஏழுமலையானைக் கூப்பிட்டு எடுத்தார். எடுத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார்.

நாற்பது பேரும் பின்னாலேயே போனார்கள். யார், எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கோவிந்தா எடுத்துக் கொடுக்கிறவன் பின்னால்தான் கூட்டம் போகும். சத்தம் சந்துமுனையைத் தாண்டி, தேங்காய்க்கடையைத் தாண்டித் தேய்ந்துபோனது. நான் நூற்று மூன்றின் வாசலிலேயே நின்றேன். அரைமணி கழித்து ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "உங்க நைனா கோயில் குளத்த மூணாவது சுத்து சுத்திக்கினு கீறாருப்பா. வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன்.

பன்னிரண்டு அடிக்கிற நேரத்துக்குக் கூட்டம் திரும்பி வந்தது. நைனாவின் நெற்றி முழுக்க யாரோ பூசிவிட்ட குங்குமம், தோளில் யாரோ ஒரு அம்மாவின் கட்டைப்பை. யாமினி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். எப்படிப் போச்சு என்று நான்தான் கேட்டேன்.

"நல்லா போச்சுண்ணா. திருச்சானூர்னு சொல்றீங்க, இவ்ளோ அமைதியா கீதேன்னு ஆச்சரியப்பட்டாங்க" என்றாள். பிறகு அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி குடி நைனா."

நைனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. குரல் மொத்தமாகப் போயிருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு வேலை கிடைத்த மெயில் வந்தது. கவுன்டருக்கே ஓடிவந்து அவர் முகத்துக்கு நேராகப் போனைக் காட்டினாள். உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து வைத்திருந்த மனிதர், கட்டைவிரலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். அவ்வளவுதான் முடிந்தது.

ஒரு வாரம் அந்தக் குரல் வரவேயில்லை. லாட்ஜ் இப்போதுதான் லாட்ஜ் மாதிரி இருக்கிறது, இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்றார் ஓனர். நான் டீக்கடையில் சொல்லிவைத்து, சர்க்கரை போடாமல் மிளகு தட்டிப்போட்ட பாலை மூன்று வேளையும் வாங்கிவந்து நைனா முன்னால் வைத்தேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிறவரைக்கும் நகராமல் நின்றேன்.