வீண் அழைப்பு இல்லாத தோட்டம்

தொலைபேசியைக் கண்டுபிடித்தது பெரிய சாதனை என்று நினைப்பவர்கள் பாமரர்கள். அதில் யார், எதற்குப் பேசினார் என்று எழுதிவைத்து ஆராய்வதே மனித அறிவின் உச்சம். இந்தப் பேருண்மை, மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், சுங்கை பெசாருக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் உதயமானது.

உதயமாக்கியவர் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரை. நடைமுறைப்படுத்தியவர் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி கிளாரன்ஸ். காரணத்தை எழுதிய பிறகுதான் கருவியைத் தொடலாம். மாதக் கடைசியில் 'அழைப்பு ஆய்வுக் கூட்டம்'. 'வீண் அழைப்பு' கூடினால் கிராணியின் வேலை போய்விடும். கிளாரன்ஸுக்குக் கல்யாண வயதில் மூன்று பெண்கள். ஆகவே அவருக்கு ஆய்வில் அபார பக்தி.

ஒருநாள் மாலை, ஊரடங்குச் சங்கு ஊதியதும் தோட்டத் தொழிலாளி இருசப்பன் ஆபீசுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி லெட்சுமிக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆச்சு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். போலீஸ் வண்டி வராமல் முள்வேலியைத் தாண்டினால் சுட்டுவிடுவார்கள். போலீஸைக் கூப்பிட அந்தத் தொலைபேசியை விட்டால் வேறு வழியில்லை.

"ஐயா, ஒரு போன் போடுங்கய்யா! அவ துடிக்கிறா!"

"போடறேன்பா. மொதல்ல காரணம் எழுதணும். கொப்பரை, லோரி, பாதுகாப்பு, இவ்வளவுதான் இருக்கு. பிரசவம் இல்லியே."

"பாதுகாப்புன்னு எழுதுங்கய்யா."

"கம்யூனிஸ்டா பொறக்கப் போறான்? தொர கேட்டா என்ன சொல்றது?"

"அப்ப லோரின்னு போடுங்கலா!"

"பொய் எழுதச் சொல்றியா?" கிளாரன்ஸ் உண்மையிலேயே மனம் புண்பட்டார்.

துரையிடம் அனுமதி கேட்கலாம். ஆனால் பங்களாவுக்குப் பேசினால் அதுவும் ஓர் அழைப்பு. எனவே வேலிக்குள்ளேயே நடந்துபோய்க் கேட்டார். துரை குளித்துக்கொண்டிருந்தார். குளித்து, துவட்டி, யோசித்து, 'தற்காலிக அனுமதி' வழங்கினார். கிளாரன்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, 'பிரசவம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, கருவியை எடுத்தார். அப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் அழுகை கேட்டது. குழந்தையின் அழுகை அல்ல. எடுத்த கருவியை அப்படியே வைத்துவிட்டார்.

அந்த மாதக் கூட்டத்துக்கு ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். வீண் அழைப்பு ஒன்றுகூட இல்லையென்று துரை தோட்டத் தமிழில் அறிவித்தார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்கள் கைதட்டினார்கள். கிளாரன்ஸ் தலைகுனிந்து பதிவேட்டை மூடினார். தன்னடக்கம் என்று துரை எடுத்துக்கொண்டார்.

"எப்படிச் செஞ்சது? எல்லாருக்கும் சொல்லு, கிராணி!"

வாசலில் நின்ற இருசப்பன் பதில் சொன்னான்:

"நான் சொல்றேன் தொர. செத்தவங்க போன் கேக்க மாட்டாங்க. தாயும் பிள்ளையும் போயாச்சு. மிச்ச லயத்தையும் முடிச்சிட்டீங்கன்னா, அந்தப் போனே தேவப்படாது."