அங்குலம் பிசகாமல்

கேட்டில் பூட்டு தொங்கியது. லெனர்ட் பிம்முக்கு வந்த கோபத்தில் அவருடைய மீசை கூடத் துடித்தது.

"பொதுப்பாதையில பூட்டு! மிஸ் ஹார்ட்லி, எழுதிக்குங்க. பூட்டோ தாழ்ப்பாளோ, எதைப் போட்டாலும் குற்றம்."

கவுன்சிலிலிருந்து வந்திருந்த மிஸ் ஹார்ட்லி ஜலதோஷ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கிட்டேன்" என்றாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

"தலைவரே, பத்தடி தள்ளி வேலியே இல்ல. அப்படிச் சுத்திப் போயிடலாமே" என்றார் டென்சில். நடைப்பயணச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் அவர் சேர்ந்ததே வழியில் வரும் பப்களுக்காக.

"சுத்தியா? கோடு எங்க போகுதோ அங்கதான்யா நாம போகணும். அங்குலம் பிசகக் கூடாது."

அந்தக் கோடுதான் பிம்மின் உயிர். மடாதிபதி பாதை என்கிற எங்கள் பழைய நடைபாதை மொத்தம் நூற்றுப் பத்து மைல். அதில் இந்தப் பன்னிரண்டு மைல் மட்டும் கார் ரோட்டோடு ஒட்டிப் போகிறது. ஆனால் பிம் எங்கோ தேடிப் பிடித்த இருநூறு வருஷத்து வரைபடத்தில், பாதை யாரையும் கேட்காமல் நேர்கோடாகப் போகிறது. கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டது: ஒரே நாளில், அதிகாரியின் கண்முன்னால், கோட்டை விட்டு விலகாமல் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் பழைய பாதை சட்டப்படி திறக்கும். தவறினால் கோட்டை ஒரேயடியாக அழித்துவிடுவார்கள்.

நடந்து காட்டினால் பாதையோரம் 'பிம் பெஞ்சு' போடுவதாகச் சங்கத்தில் தீர்மானம். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேர் பெஞ்சில் வர வேண்டுமானால் அவர் முதலில் சாக வேண்டும். உயிரோடு இருக்கும்போதே தன் பேர்மேல் தானே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது பிம்மின் ஆசை.

பிம் கேட்டின்மேல் ஏறினார். இறங்கும்போது கால்சட்டையின் பின்பக்கம் பர்ரென்று கிழிந்தது.

"லென், நில்லு, ஊக்கு குத்தி விடறேன்" என்றாள் மனைவி மேவிஸ்.

"ஊக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று மழைக்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்கென்றே காத்திருந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. மானமா, மழையா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நனைந்துகொண்டே நடந்தார்.

காலையில் கிளம்பும்போது ஆள் என்ன ஜோராக இருந்தார்! நடக்க வந்த எல்லோரையும் வீட்டுக்கு வரவழைத்து, போன வருஷம் பின்பக்கம் கட்டிய புதுக் குளியலறையைக் காட்டாமல் விடவில்லை. தோட்டத்துக் கதவு வழியாக உள்ளே விட்டு, இத்தாலியப் பளிங்கைத் தடவிப் பார்க்கச் சொல்லி, வீட்டு வழியாக வெளியே அனுப்பினார். மிஸ் ஹார்ட்லிகூட அங்கே கை கழுவினாள். அப்புறம் எதிரே இருந்த சர்ச் கேட்டில் நின்று, "பாதை இங்கதான் ஆரம்பம்!" என்று கைத்தடியைத் தூக்கினார்.

அப்போது பிரித்த வரைபடம்தான், இன்னும் கையில் இருந்தது. கீழ் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே நடந்தார். இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடுமாம்.

கோதுமை வயல் தாண்டியதும் ஒரு குளம் வந்தது. நடுவில் ஆறு வாத்து.

"அப்பாடா, இதையாவது சுத்திப் போவோமா?" என்றார் டென்சில்.

"குளம் போன வருஷம் வெட்டினது. பாதை இருநூறு வருஷமா இருக்கு. வாத்துதான்யா ஆக்கிரமிப்பு."

"வாத்துகிட்ட நோட்டீஸ் குடுத்துட்டீங்களா?"

பிம் குளத்தில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, அப்புறம் நெஞ்சு. வாத்துகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. நடுக்குளத்தில் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்ததில் பூட்ஸ் வரவில்லை, ஆள்தான் முழுசாக முங்கினார். கரையோடு சுற்றி வந்தவர்கள் அரைமணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒற்றைப் பூட்ஸோடு கரையேறியபோது வரைபடம் ஊறிப்போன ரொட்டியாக இருந்தது.

"குடுங்க, நான் காய வைக்கிறேன்" என்றாள் மிஸ் ஹார்ட்லி.

பிம் தயங்கினார். "வேணாம், நானே..." என்று ஆரம்பிக்கும்போதே ஒரு மூலை பிய்யப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கொடுத்தார். அவள் அதைத் தன் நோட்டுப் புத்தகத்துக்குள் பதமாக வைத்து மூடிக்கொண்டாள்.

பப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு பத்து.

"சமையல் ரெண்டு மணியோட முடிஞ்சுது. சிப்ஸ் பாக்கெட் இருக்கு" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஒரு பூட்ஸுக்காக என் கறி வறுவல் போச்சு" என்று டென்சில் நிஜமாகவே கண்கலங்கினார்.

அடுத்தது ஒரு வீடு. கோடு நேராக அதன் சாப்பாட்டு அறைக்குள் போனது.

"லென், வேணாம். ஞாயித்துக்கிழமை மதியம். உள்ள ஜனங்க சாப்பிட்டுட்டிருக்காங்க" என்று மேவிஸ் கையைப் பிடித்தாள்.

"வீடு கட்டறதுக்கு முன்னாடி வரைபடத்தைப் பார்த்திருக்கணும். பாதைமேல வீட்டைக் கட்டிட்டு அப்புறம் அழுதா என்ன பிரயோஜனம்? அதெல்லாம் திருட்டுத்தனம்."

கதவைத் திறந்தவர் மிஸஸ் ஓக்லி என்கிற விதவை. உள்ளே மகள், மருமகன், மேஜை நடுவே முழு மாட்டுக்கறி ரோஸ்ட். நெஞ்சுவரை சேறும் ஒற்றைப் பூட்ஸுமாக நின்ற மனிதர் சட்டத்தை விளக்க விளக்க, அந்த அம்மாள் முகம் வெளுத்தது.

"மன்னிச்சுக்குங்க, எங்க மேஜை உங்க வழியில இருக்கு" என்றார். வேறு தேசத்தில் என்றால் செருப்பு பறந்திருக்கும்.

மேஜையை நகர்த்தினார்கள். எல்லோரும் வரிசையாக, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முனகிக்கொண்டே குழம்புக்கும் கறிக்கும் நடுவே போனார்கள். டென்சில் போகிற போக்கில் ஒரு வறுத்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். மேவிஸுக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

"இனிமே தினமும் ஆளுங்க வருவாங்களா?" என்று மிஸஸ் ஓக்லி மெல்லக் கேட்டார்.

"தினமும் வருவாங்க. எந்த நேரமும் வருவாங்க. நாயோட வருவாங்க. கதவைத் தட்டணும்னுகூட அவசியமில்ல. அது அவங்க பிறப்புரிமை."

"நாங்க ஏதாவது வேலையா இருந்தா?"

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கம்மா. தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க, அபராதம் விழும்."

எதிர்ப்பக்கம் கதவு இல்லை. பிம் சன்னல் வழியாக வெளியே குதித்தார். கால்சட்டையில் மிச்சமிருந்ததும் கிழிந்தது.

மாலை ஐந்துக்கு, கோடு முடிகிற எல்லைக்கல்லைத் தொட்டார்கள். பிம் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். மிஸ் ஹார்ட்லி படிவத்தை நீட்டினாள்.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. வரைபடத்துல இருக்கற கோடு முழுக்க, ஒரு துண்டு விடாம திறக்கணும்னு கேக்கறீங்க. போட்ட பிறகு வாபஸ் வாங்க முடியாது."

"வாபஸா? நானா?" பிம் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். "ஒரு துண்டுகூட விடாதீங்க. எவன் வீட்டுக்குள்ள போனாலும் தயவுதாட்சண்யம் கூடாது."

டென்சில் கை தட்டினார். பெஞ்சை எந்த மரத்தில் செய்வது என்று பிம் ஆரம்பித்துவிட்டார்.

மிஸ் ஹார்ட்லி நோட்டைப் பிரித்து, காய்ந்துபோயிருந்த வரைபடத்தை எல்லைக்கல்மேல் விரித்தாள். பிம்மின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்க் கீழ் மூலையில் உட்கார்ந்தது. அவள் அந்த விரலை இரண்டு விரலால் பிடித்து, நாசூக்காகத் தூக்கி அப்பால் வைத்தாள். பிம்முக்கு வியர்த்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பாதை சர்ச் கேட்ல ஆரம்பிக்கல மிஸ்டர் பிம், அதுக்கு முன்னாடி உங்க புதுக் குளியலறை வழியா வருது, காலையில எல்லாரும் அதுல நடந்தாச்சு, அதையும் எழுதிக்கிட்டேன், இனிமே குளிக்கும்போது தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க."