அறுபத்தேழு பாகையில் சிக்கிய அலமாரி

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் உங்கள் புதிய வேலைக்கான உத்தரவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அலமாரி சற்று முன்னர்தான் நலமடைந்தது.

நீங்கள் எங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து, விடுதிக்குப் போகக் கூடாது, என் அறையில்தான் தங்க வேண்டும் என்று நான் பிடித்த அடம் உங்களுக்குத் தெரியும். "உன் சித்தி தாராளமா வரட்டும். அவ துணிமணிய எங்க வைக்கிறது, என் தலையிலயா?" என்று கேட்டார் அப்பா. அந்த அறையில் ஓர் அலமாரி நின்றால் சித்தி இங்கே, நிற்காவிட்டால் விடுதி என்று முடிவாயிற்று. மேலே இடம் விட்டால் தூசி அடையும் என்பதால், கூரைக்கு ஓர் அங்குலம்தான் குறைய வேண்டும் என்று அம்மா நிபந்தனை போட்டார்.

வீட்டில் இருப்பது அம்மாவின் ஐந்தடித் தையல் நாடா. "ரெண்டு தடவ வெச்சு அளந்தா முடிஞ்சுது" என்றார் அப்பா. முக்கோணவியல் என்று ஒன்று இருக்கும்போது அப்படி அளக்க எனக்கு மனம் வரவில்லை. பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் அழிப்பானைத் தொங்கவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோடு சரியாக நாற்பத்தைந்து பாகையில் தெரியும்வரை பின்னால் நடந்தேன். நாற்பத்தைந்து பாகைக்கு டேன் மதிப்பு ஒன்று. ஆகவே நான் சுவரிலிருந்து எவ்வளவு தூரமோ, கூரை என் கண்ணுக்கு மேலே அவ்வளவு உயரம். அது நாற்பத்தைந்து அங்குலம்; தரையிலிருந்து என் கண் ஐம்பத்திரண்டு; மொத்தம் தொண்ணூற்றேழு. அப்பா நாடாவை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். அதே தொண்ணூற்றேழு! அன்று முழுக்க என்னை "இன்ஜினியரம்மா" என்றே கூப்பிட்டார்.

நான் சொன்ன அளவில், தொண்ணூற்றாறு அங்குல உயரமும் இருபத்திரண்டு அங்குல ஆழமுமாகக் கடையில் பலகை வெட்டி வாங்கிவந்து, தரையில் படுக்கவைத்தே அப்பா திருகாணி முடுக்கினார். பிறகு மூவரும் சேர்ந்து தூக்கினோம், அது அழகாக எழுந்து வந்தது, அம்மாகூடச் சிரித்தார், அப்போதுதான் தடால் என்று மேல்முனை கூரையில் இடித்து நின்றது, அதற்குப் பிறகு அது நிமிரவும் இல்லை, அப்பாவால் விடவும் முடியவில்லை.

"என்னங்க, எங்க தரையக் கீழருந்து எதுக்கு இடிக்கிறீங்க?" என்று மேல்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க, அலமாரி உங்க வீட்டுக்கு வரப் பாக்குது!" என்றார் அம்மா.

நான் பாகைமானியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, கொஞ்சம் ஆடாம பிடிங்க. கோணத்தப் பாத்துக்கறேன்."

"கோணமா? இங்க என் இடுப்பு கோணிக்கிட்டிருக்கு! நீ சொன்ன அளவுதானடி இது?"

அறுபத்தேழு பாகை. சித்தி, நிற்கும் அலமாரிக்கு நான் கணக்குப் போட்டேனே தவிர, எழுந்து நிற்கும் அலமாரிக்குப் போடவில்லை. எழும்போது அதன் மூலைக்கு மூலை நீளமல்லவா கூரையைத் தாண்ட வேண்டும்? அது தொண்ணூற்றெட்டரை அங்குலம்! அப்பா மெல்லக் கீழே இறக்கி, தரையில் உட்கார்ந்து, "விடுதில சாப்பாடு நல்லாத்தான் இருக்குமாம்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே வர்க்கமூலம் கண்டுபிடித்தேன். உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தால் மூலைவிட்டம் தொண்ணூற்றாறரைதான்.

"அப்பா, அடியில ரெண்டு அங்குலம் அறுத்துடுங்க. நிமிந்ததும் அந்தத் துண்டுகளையே கீழ முட்டுக் கொடுத்துடலாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க, ரம்பத்தப் பாருங்க" என்றார் அம்மா.

அறுத்தோம், தூக்கினோம், கூரையை உரசாமல் நிமிர்ந்தது! நெம்பித் துண்டுகளையும் அடியில் செருகியாயிற்று. இனி யார் தள்ளினாலும் சாயாது. அதன் காலடியில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆகவே விடுதிக்கு எழுதி இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டி படுக்கையோடு நேராக இங்கே வாருங்கள். இரண்டு தட்டுகள் முழுக்க உங்களுக்கு. அப்பாவும் அம்மாவும் உங்களை மிகவும் விசாரித்தார்கள்.

உங்கள் வரவை அங்குலம் அங்குலமாக எண்ணிக்கொண்டிருக்கும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: மரத்தூள் கூடத்துக்குப் போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தோம் என்பதை எழுத விட்டுப்போயிற்று. கதவு உள்பக்கமாகத் திறக்கும். இப்போது அது முப்பது பாகைதான் திறக்கிறது. மீதியில் அலமாரி நிற்கிறது. அதை நகர்த்தச் சாய்க்க வேண்டும், சாய்த்தால் கூரை இடிக்கும். அடியில் செருகிய துண்டுகளோ இறுகிப்போய் உருவ வரவில்லை. கதவின் அகலம் முப்பது அங்குலம்; பாதிக் கோணத்துக்கு சைன் போட்டு இரட்டித்ததில் இடைவெளி பதினைந்தரை. நானும் அம்மாவும் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிட்டோம். அப்பாவின் வயிறு முன்பின்னாகப் பதினேழு. உங்கள் முன்பின் அளவை உடனே எழுதவும். பெட்டியின் அளவும் வேண்டும். உள்ளேயிருந்து அப்பா கத்துகிறார்: "உன் சித்திய சீக்கிரம் வரச் சொல்லு, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்!"