ஓட்டில்லாத எம்பி

எங்கள் தொகுதிக்கு எப்போதும் இரண்டு எம்பிக்கள். ஒருவரை நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். அவர் கான்பெராவில் இருந்தார். இன்னொருவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் ஹோம்புஷில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். முதலாமவரின் முகம் தேர்தல் நேரத்தில் வேலிகளில் அட்டையாகத் தொங்கும்போது மட்டும் தெரியும். இரண்டாமவரின் முகத்துக்குப் பயந்து நான் பல காலை பின்வாசல் வழியாக ரயிலைப் பிடித்திருக்கிறேன். சிட்னித் தமிழர்களில் இந்த நாட்டு ஜனநாயகத்தை அவரளவுக்குத் தலையில் தூக்கிச் சுமந்தவர் கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவருக்கு ஓட்டு மட்டும்தான் இல்லை.

முல்லைத்தீவுக்காரர். படகில் வந்து புகலிடம் கேட்டவர். கேட்டதற்கு இந்த நாடு ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் ஒரு தற்காலிக விசாவைக் கொடுத்து, அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் ஊரில். இவர் அங்கே போனால் திரும்பி வர முடியாது. அவர்களை இங்கே அழைக்கவும் வழியில்லை. பகலில் டைல்ஸ் பதிக்கும் வேலை, மாலையில் பொதுவாழ்க்கை. விசாவைப் பற்றி மட்டும் பேசமாட்டார். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார், அதுவும் நாம் அவசரமாகப் போகும்போது.

எம்பி என்ற பெயர் தள்ளுவண்டிகளால் வந்தது. எங்கள் தெருமுனையில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகளைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தோம். இவர் கவுன்சிலுக்குப் போன் போட்டார். "திஸ் இஸ் ஹோம்புஷ் ஸ்பீக்கிங்" என்று ஆரம்பித்தார். மறுநாள் வண்டிகள் போய்விட்டன. அன்றிலிருந்து எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, குரைக்கும் நாய் என்று எதற்கும் ஹோம்புஷ்தான் பேசும்.

"பேரைச் சொல்லிப் பேசலாமே அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரைச் சொன்னால் ஒரு ஆளெண்டு நினைப்பினம் தம்பி. ஊரைச் சொன்னால் கொஞ்சம் பயப்பிடுவினம்."

தேர்தல் வந்துவிட்டால் அவர் டைல்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிடுவார். இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். போட்டாலும் லேசில் விடமாட்டார்கள். வேட்பாளர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் விருப்ப வரிசைப்படி நம்பர் போட வேண்டும். ஒரு பட்டனை அமுக்கிவிட்டு விரலில் மை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பழகிய எனக்கு அந்த வாக்குச்சீட்டு கணக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. எங்களைப் போன்ற மக்குகளுக்காக எம்பி, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் வகுப்பு நடத்தினார். பாடப்புத்தகம் டிபன் தட்டு.

"முதல் விருப்பம் ஆருக்கு? இட்லிக்கு. ஒண்டு போடுங்கோ. வடைக்கு ரெண்டு. தோசைக்கு மூண்டு. உப்புமாவைக் கண்ணிலயும் காட்டப்படாது, சரி, ஆனால் அதுக்கும் ஒரு நம்பர் போட வேணும். உப்புமாவை விட்டியள் எண்டால் உங்கட இட்லியும் குப்பையில."

"எனக்கு உப்புமா பிடிக்குமேப்பா" என்றார் கோபால் சார். சென்னையில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து, குடியுரிமையும் வாங்கி இருப்பவர்.

எம்பி அவர் தட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப நீங்கள் சுயேச்சை" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

இந்த நாட்டில் தேர்தல் சனிக்கிழமைதான் வரும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் தமிழர்களை வாக்குச்சாவடிக்கு இழுத்துப் போக முருகனே வந்தாலும் முடியாது. எம்பி ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ராகுவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அனுப்பினார். ஒருமுறை தேர்தல் கோடைகாலத்தில் வந்தது. கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும் காலம். ராகுவும் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தள்ளிப் போவானா மாட்டானா என்று கோயிலில் இரண்டு கோஷ்டி உருவாகிவிட்டது. எம்பி கடைசியில் இரண்டு நேரத்தையும் சேர்த்து மூடிவிட்டார். "ரெண்டு ராகுவுக்கும் மரியாதை குடுப்பம். கூட்டணி ஆட்சி" என்றார். காலையில் பாதி நேரம் ஒரு தமிழ் முகம்கூட வராததைப் பார்த்த சாவடி அதிகாரி, எங்களுக்கு அது வழிபாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார்.

சாவடி எங்கள் பேட்டையின் பள்ளிக்கூடத்தில் இருக்கும். வாசலில் பெற்றோர் சங்கத்தார் இரும்புத் தட்டில் சாசேஜ் சுட்டு ரொட்டியில், எம்பி பாஷையில் பாணில், வைத்து விற்பார்கள். சனிக்கிழமை விரதக்காரர்களுக்காக வெறும் வெங்காயத்தைச் சுட்டுப் பாணில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்ததும் எம்பிதான். கட்சிக்காரர்கள் தாண்டக்கூடாது என்று தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்களை உள்ளே அனுப்புவார். அந்தக் கோட்டைத் தாண்டி அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் போட்டுவிட்டு வந்தபின், தானே போட்டுவிட்டு வந்ததுபோல ஒரு வெங்காயப் பாண் சாப்பிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் இடைத்தேர்தல் வந்து மோதியது. எங்கள் நிஜ எம்பி ஆளுங்கட்சி. பதவிக்காலத்தின் நடுவில் அவருக்கு ஏதோ கம்பெனியில் பெரிய வேலை கிடைத்தது, ராஜினாமா செய்துவிட்டார். அரசாங்கமோ ஒரே ஒரு இடம் கூடுதலாக வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எங்கள் தொகுதி கைவிட்டுப் போனால் பெரும்பான்மையும் போகும். டிவிக்காரர்கள் ஹோம்புஷ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வர ஆரம்பித்தார்கள்.

அப்போது எங்கள் கீழ்த்தள எம்பி செய்த காரியம் தெருவையே திகைக்க வைத்தது. ஆளுங்கட்சியின் டிசர்ட்டைப் போட்டுக்கொண்டு, யாருக்கு எந்த நம்பர் போட வேண்டும் என்று அச்சடித்த துண்டுச்சீட்டை விநியோகிக்க இறங்கிவிட்டார். அதுவரை எந்தக் கட்சிக்கும் பேசாதவர். தன்னை இத்தனை காலம் தொங்கலில் விட்டிருக்கும் அரசாங்கத்துக்காகத் தெருத்தெருவாக நடக்கிறார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவரைக் காரில் கூட்டிப் போகும் டிரைவர் நான்தான். ராஜினாமா செய்த எம்பியின் அலுவலகத்துக்கு அவர் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்து, குடியேற்ற அமைச்சரிடம் உங்கள் விஷயத்தை நேரில் பேசுகிறேன் என்று அந்த மனிதரைச் சொல்ல வைத்திருந்தார். அமைச்சர் நினைத்தால் நிரந்தர விசா கிடைக்கும். மனைவியையும் மகளையும் வரவழைக்கலாம். பாதி தூரம் போன நேரத்தில் ராஜினாமா. அதே கட்சியின் புது வேட்பாளர், நான் ஜெயித்தால் முதல் வேலையே இதுதான் என்று என் முன்னால் கை கொடுத்தார். எதிர்க்கட்சி ஜெயித்தால் எல்லாம் முதலிலிருந்து.

"இதை நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிட்டா மொத்தமா போட்டுடுவாங்களே அண்ணே" என்றேன் காரில்.

"வேண்டாம் தம்பி. கையில வரும்வரைக்கும் வாயில வரப்படாது. நாவூறு பட்டிடும்." மேய்ஸ் ஹில் கோயில் முருகன்மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ராகுகாலத்தைப் பார்க்கிற மனிதரிடம் இதை வாதாடி ஜெயிக்க முடியாது.

தேர்தலன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒவ்வொருவரும் அவர் கொடுத்த சீட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துச் சாந்தி அன்ரி அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கோபால் சார் கைகுலுக்கினார். நான் யோசிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, சீட்டில் இருந்த நம்பர்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டு வந்தேன்.

மாலையில் எண்ணினார்கள். எதிர்க்கட்சி மயிரிழையில் ஜெயித்தது. அரசாங்கத்தின் பெரும்பான்மை போயிற்று, சுயேச்சைகள் தயவில் நாற்காலி மட்டும் மிஞ்சியது. வீட்டுக்கடன் வட்டி, வாடகை, கரண்டு பில் என்று மக்கள் கோபத்துக்கு டிவியில் நிபுணர்கள் காரணம் அடுக்கினார்கள். எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அது எனக்கே மறுநாள்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை உணவகத்தில் நானும் எம்பியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சாந்தி அன்ரி தலைமையில் ஒரு கூட்டம் உள்ளே வந்தது. கையில் லட்டுப் பெட்டி.

"எம்பி, வாயைத் திறவும்" என்று சொல்லி, அவர் திறப்பதற்குள் அன்ரி ஒரு லட்டைத் திணித்துவிட்டார். "உம்மை இவ்வளவு காலமா இழுத்தடிச்ச ஆக்களுக்கு நாங்கள் நல்ல பாடம் படிப்பிச்சுப் போட்டம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீர் தெருவில நிண்டதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பாவம், பயத்தில செய்யுது எண்டு விளங்கிச்சுது. உமக்குத் தெரியாமல்தான் எல்லாரும் கதைச்சுப் போட்டு மாத்திப் போட்டனாங்கள்."

"லைஃப்ல முதல் தடவையா கட்சி மாத்திப் போட்டேன்பா" என்றார் கோபால் சார். "உனக்காகத்தான்."

கோயில் கேன்டீன் வரிசையில் பிறந்த திட்டமாம். பிறந்தநாள் கேக்கை ஒளித்து வைப்பதுபோல அவருக்குத் தெரியாமல் காப்பாற்றி, வாட்ஸ்அப் குழுவில் வளர்த்திருக்கிறார்கள். அந்தக் குழுவை நான் எப்போதோ ம்யூட்டில் போட்டுவிட்டேன். ஆக, அவர்மேல் பாசம் வைத்தவர்கள் அத்தனை பேரும் அவருக்கு எதிராகப் போட்டிருக்கிறார்கள். சோம்பேறி ஒருவன் மட்டும் அவர் சொன்னபடி போட்டிருக்கிறான்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் என் கால்மேல் ஒரு மிதி விழுந்தது. டைல்ஸ் வேலைக்குப் போடும் இரும்பு முனை வைத்த பூட்ஸ். வாயை மூடிக்கொண்டேன்.

எம்பி லட்டை முழுசாக மென்று விழுங்கினார். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட்டனீங்களோ?"

"ஓம்."

"உப்புமாவுக்கும்?"

"போட்டோம்பா" என்றார் கோபால் சார்.

"அப்ப சரி. நல்ல வேலை செய்திருக்கிறியள்" என்று சொல்லி, எல்லோருக்கும் தன் கணக்கில் காப்பி சொன்னார். அவர்கள் ஒரு மணிநேரம் இருந்து, அரசாங்கத்தைக் கவிழ்த்த பெருமையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். இவர் ஒவ்வொருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

காரில் ஏறியதும் நான் வெடித்துவிட்டேன். "அண்ணே, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. உங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு லட்டு வேற ஊட்டிட்டுப் போறாங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். சத்தியமாவது ஒண்ணாவது."

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து எத்தினை எலெக்சன் பார்த்திட்டன். எத்தினை பேரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பன். எனக்கெண்டு ஒருத்தரும் ஒரு வோட்டுப் போட்டதில்லை. நேற்று அவ்வளவு பேரும் எனக்குத்தான் போட்டிருக்கினம். அதைப் போய் நான் செல்லாத வோட்டெண்டு சொல்லுறதே?"

எந்தக் கட்சி வந்தாலும் போனாலும் கலங்காத ஆள் நான். அன்றைக்கு ஹோம்புஷ் ஸ்டேஷன் எதிரில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மடியில் கட்சி டிசர்ட்டை மடித்து வைத்திருந்தார். நல்ல துணி, டைல்ஸ் துடைக்க உதவும் என்றார்.

புது எம்பி பதவியேற்ற மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்குப் போனோம். பழையவரின் பெயரைக் கதவிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பிலிருந்த பெண்ணுக்குப் போன் எங்கே, பேப்பர் எங்கே என்றே தெரியவில்லை. பழைய ஆட்கள் அதையெல்லாம் எங்கே வைப்பார்கள் என்று எங்கள் எம்பிதான் காட்டினார். பிறகு அவருடைய விஷயத்தை அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். புது எம்பி நல்ல மாதிரி. அமைச்சருக்கு எதிரணி என்பதால் காரியம் மெதுவாகத்தான் நகர்கிறது.

தெருவில் இன்னமும் கேட்கிறார்கள். "நாங்கள் மாத்திப் போட்டதால ஏதும் பலன் இருக்கே?" என்று சாந்தி அன்ரி கேட்கும்போதெல்லாம் அவர், "ஓம் அன்ரி, நடக்குது" என்கிறார். எங்கள் தெருவில் யாரும் இந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாரம் தவறாமல் அவரை அங்கே கூட்டிப் போகிறேன். பின்வாசல் வழியாக ரயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். குடியுரிமை வாங்கிய நாளில்கூட இந்த நாட்டிடம் நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. இப்போது ஒன்று வேண்டுகிறேன். கான்பெராவில் யார் வேண்டுமானாலும் ஆண்டுகொள்ளட்டும், எங்கள் எம்பியை மட்டும் எங்களிடம் விட்டுவைக்கட்டும்.