தரையில் படுத்து வாங்கிய லேப்டாப்

இந்த டெல்லியில் ஆட்சேபணை அண்ணாச்சி மாதிரி என் மானத்தை வாங்கியவர் யாரும் இல்லை. டிராபிக் போலீஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜனக்புரியில் எனக்கு மேல்வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். தணிக்கைத் துறையில் காலமெல்லாம் ஆட்சேபணை எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு ஆபீசுக்கு மட்டும்தான். என் மகன் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று ரசத்தை ஆட்சேபித்தார். ரசம் மோசம்தான். அது வேறு விஷயம்.

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒரே மகள் கனடாவில். ஞாயிறு தோறும் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் வருவாள். அந்த மலையை அறைக்குள் நகர்த்த முடியாது. மகள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு மதினி அறைக்குள் அழுவார்.

"போன்ல பாக்கலாமே அண்ணாச்சி?"

"புளியங்கொட்ட மாதிரி மொகம் தெரியுது. அவளுக்குக் கண்ணுல புரை வேற. லேப்டாப் வாங்கணும். கெளம்பும்வே."

நேரு பிளேஸில் ஒரு கடை. விற்பனையாளர் மெமரி, பிராசஸர் என்று ஹிந்தியில் பாடினார். அண்ணாச்சி காதில் வாங்கவே இல்லை.

"வே, நீரு மதினி உயரந்தான? படும்."

"எங்க?"

"தரையிலதான். இவன் கட்டிலா போட்டு வச்சிருக்கான்?"

"நீங்க படுங்களேன்!"

"நான் ஆறடி. கணக்கு ஒத்து வராது."

பேங்க் மேனேஜராக இருந்த நான் கடைத்தரையில் இடப்பக்கமாகப் படுத்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்து, விரித்த புத்தகம் போல என் முகத்துக்கு எதிரே நெட்டுக்குத்தாக நிறுத்தினார். படுத்தவருக்கு நேராகத் தெரிய வேண்டுமாம். முதலாவது கவிழ்ந்தது. இரண்டாவதும் கவிழ்ந்தது. விற்பனையாளர் பாய்ந்து பாய்ந்து பிடித்தார்.

"கண்ணு கூசுதாவே?"

"ஒடம்பே கூசுது அண்ணாச்சி."

"அங்கிள்ஜிக்கு தபியத் கராபா?" என்று, எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு சர்தார்ஜி என் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார். நான் துள்ளினேன்.

"தேச்சா தேக்கட்டும். நீரு ஸ்கிரீனைப் பாரும்" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் ஒன்று கவிழாமல் நின்றது. அதை வாங்கினார். திரும்பும்போது மெட்ரோவில் நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மாடிக்குப் போனேன். மதினி கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல். அதன்மேல் லேப்டாப் நின்றது. மகள் முகம் மதினி முகத்துக்கு நேர் எதிரே வந்தது. "எம்மா!" என்றாள். மதினி ஸ்கிரீனைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்து மேற்கு வெயில் அடித்து ஸ்கிரீன் வெளுத்துவிட்டது. திரைச்சீலை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு ஜன்னலை மறைத்து நின்றார்.

"எப்பா எங்க இருக்காவ, எம்மா?"

"ஜன்னல்ல குடை பிடிச்சிட்டு நிக்காவ."

"வரச் சொல்லும்மா. எப்பா மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சு!"

"நான் நவுந்தா ஒங்கம்மாவுக்கு ஒன் மொகம் தெரியாதுட்டி. நீங்க பேசுங்க" என்றார் குடைக்குள்ளிருந்து.

எனக்கு வந்ததே கோபம். குடையைப் பிடுங்கிக்கொண்டேன். "போயி மகளப் பாருங்க அண்ணாச்சி!"

உட்கார்ந்து பார்த்தால் மகள் குறுக்காகத் தெரிந்தாள். ஆறடி மனிதர் கட்டில் ஓரத்தில், மதினிக்குப் பின்னால் இடப்பக்கமாக ஒடுங்கிப் படுத்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

வெயில் இறங்கும்வரை நான் குடையை இறக்கவில்லை.