ஜன்னலோர மந்திரி

ரயில்வே மந்திரியை உங்களுக்குத் தெரியுமா? பதவியில் இருப்பவரைக் கேட்கவில்லை. அவர் ரயிலில் போகிறவர் அல்ல. காலை ரயிலின் மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி இலாகா முழுவதையும் நிர்வகித்துவிட்டு, இறங்கியதும் பெயிண்ட் கம்பெனியில் கணக்கெழுதப் போவாரே, அவரைத்தான் சொல்கிறேன். தண்டவாளம் போட்ட ஊரிலெல்லாம் இந்த இனம் விளையும்.

அடையாளம் காண்பது சுலபம். வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறிவிடுவார். ஏறியதும் பக்கத்து இடத்தில் குடையைப் படுக்கவைப்பார். அடுத்த நிலையத்தில் மைத்துனர் ஏறிவந்து, குடையை எழுப்பிவிட்டு உட்கார்ந்தால் மந்திரிசபை கூடிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் என்ன, பெட்டிகளைக் கூட்ட வேண்டும், கட்டணம் ஏறுகிற வேகத்தில் பாதியாவது வண்டி ஓட வேண்டும், சிக்னலில் நிறுத்திவைக்கிற நேரத்துக்குப் பயணிக்குக் காசைத் திருப்பித் தர வேண்டும், சீசன் டிக்கெட்டை பஸ்ஸிலும் செல்ல வைக்க வேண்டும், கால அட்டவணை போடுகிறவனை ஒரு வாரம் இந்த வண்டியில் நிற்கவைக்க வேண்டும் என்று தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேறும். எல்லாமே நியாயமான யோசனைகள். வேதனையே அதுதான்.

"இதையெல்லாம் ஒரு மனுவா எழுதிப் போடக் கூடாதாண்ணா?" என்று கேட்டாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ். பாதி வழியில் ஏறுகிறவள். அதாவது, ஏற முடிந்த நாட்களில்.

"எழுதினா எவம்மா படிக்கிறான்? நேர்ல வந்து பார்க்கணும். ஒரு தடவை பார்த்தான்னா கண்ணுல ரத்தம் வரும்!"

மைத்துனர் தலையாட்டினார். அந்தச் சபையில் அவருக்கு அந்த ஒரு இலாகாதான்.

நம்பினால் நம்புங்கள், நேரில் வந்து பார்ப்பதாகவே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வண்டிக்குக் கூடுதல் பெட்டிகள் தேவைதானா என்று முடிவுசெய்ய, திங்கட்கிழமை காலை மூன்றாவது பெட்டியில் அதிகாரி ஒருவர் பயணம் செய்வாராம். மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸுக்கோ அது பிழைப்புப் பிரச்சினை. கூட்டத்தில் ஏற முடியாமல் வண்டியை விட்டுவிட்டு, அடுத்த வண்டியில் போய், மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"நீ கவலையை விடும்மா. அவரை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அதிகாரி ஏறியதும் மந்திரி ஜன்னலோரத்தை விட்டு எழுந்தார். "சார், இங்க உட்காருங்க. காத்து பிச்சுக்கிட்டு வரும்." அதிகாரியின் பையை வாங்கி மேலே வைத்தார். நம் பெட்டியைத் தேடி ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார், அவரை நசுங்க விடலாமா? விருந்தாளி வருகிற வீட்டில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதில்லையா? தினமும் ஐந்து பேர் நெருக்கும் இருக்கையில் மூவரே உட்கார்ந்தார்கள். நின்றவர்களை எல்லாம் கெஞ்சியும் மிரட்டியும் பின்பக்கம் தள்ளினார். ஒவ்வொரு நிலையத்திலும் மைத்துனர் வாசலை அடைத்து நின்றுகொண்டு, "பக்கத்துப் பெட்டி, பக்கத்துப் பெட்டி!" என்றார்.

நர்ஸின் நிலையம் வந்தது.

"பக்கத்துப் பெட்டிக்குப் போம்மா. உள்ளே அதிகாரி இருக்கார்" என்றார் மைத்துனர்.

"அவர் பார்க்கணும்னுதானே நான் ஏற வரேன்!"

"இப்ப நெருக்கியடிச்சா நம்ம பெட்டிக்கு மரியாதையா? போம்மா."

பக்கத்துப் பெட்டியில் விரல் நுழைய இடமில்லை. அவள் ஓடினாள், வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலோரத்தில் அதிகாரி காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் கூட்டம்னு சொன்னாங்களே?" என்றார் அவர்.

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையில் தயாராக நின்றது. மந்திரி பெருமையோடு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மத்த பெட்டியில இருக்கலாம் சார். எங்க பெட்டியில அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாரையும் ஒழுங்கா வெச்சிருக்கோம்."

கூடுதல் பெட்டி தேவையில்லை என்று அறிவிப்பு வந்தது. "பார்த்தியா, கண்ணிருந்தும் குருட்டு நிர்வாகம்!" என்று மந்திரி கொதித்தார், மைத்துனர் தலையாட்டினார். நர்ஸைக் காணோமே என்று யாரோ விசாரித்தார்கள். அந்தத் திங்கட்கிழமையோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அவளுடைய நிலையத்தில் ஏறுகிறவர் ஒருவர் சொன்னார்.

மந்திரி உச்சுக்கொட்டினார். "நல்ல பொண்ணு. கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்."

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும், சொல்ல முடியவில்லை. இன்றும் யாராவது கேட்டால், நர்ஸுக்காகவும்தான் அன்று பாடுபட்டதாகச் சொல்வார். சத்தியமாக நம்பியே சொல்வார்.

நீங்கள் அந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். 'நம்ம வண்டியிலும் இப்படி ஒரு ஆள் உண்டு' என்று இந்நேரம் ஒருவரை நினைத்துச் சிரித்தும் இருப்பீர்கள். அந்த ஆளும் இதைப் படித்தால் உங்களை நினைத்துத்தான் சிரிப்பார். ரயிலில் நின்றுகொண்டே இதைப் படித்து முடித்தவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்து படித்தவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.