நாணபுரியில் நோய் ஒழிந்த கதை

நாணபுரி என்றொரு நாடு. உடலுறவால் தொற்றும் நோய் இளையோரை அண்டாது என்பது அந்நாட்டு அரசின் கொள்கை. நோய்க்கு அந்தக் கொள்கை தெரியாததால் அது வந்துகொண்டே இருந்தது.

மருத்துவர் திலகவதி ஒரு பரிசோதனைப் பெட்டியை வரவழைத்தார். திரைக்குள் தனியாக உட்கார்ந்து, அது கேட்பதற்குத் தொட்டுப் பதில் சொல்லி, சிறுநீர் மாதிரியை வைத்தால் போதும். தொற்று உண்டா இல்லையா என்று அதுவே காட்டிவிடும்.

பதினெட்டு வயது வாகினிக்கு அடிவயிற்றில் தீராத வலி. முற்றவிட்டால் பின்னாளில் பிள்ளை தங்காமல் போகலாம் என்று திலகவதி எச்சரித்திருந்தார். ஆனால் பெட்டி சொல்லாமல் மருந்து தரச் சட்டத்தில் இடமில்லை.

திறப்புவிழாவுக்கு வந்த நலத்துறை அமைச்சர் மணவழகர் திரையைக் கண்டு திடுக்கிட்டார். "அரசு அளிப்பதை ஒளிந்துகொண்டா பெறுவது? நம் மரபு என்னாவது?"

ஒரு பிடி அரிசியானாலும் பெறுபவர் பெயரையும் தந்தை பெயரையும் முரசறைந்து கூவுவது நாணபுரி மரபு. திரை கழற்றப்பட்டது. முரசு வந்தது. அதன்பின் யாருமே வரவில்லை.

"பார்த்தீர்களா? நோயே இல்லை!" என்றார் அமைச்சர். இல்லாத நோயை இருப்பதாகப் பெட்டி உளறிவிடக் கூடாதே என்று, அதன் வாயில் ஒரே பதிலை வைத்துப் பூட்டவும் ஆணையிட்டார்.

வலி பொறுக்காமல் ஒருநாள் வாகினி போனாள். முரசு அதிர்ந்தது. "தெற்கு வீதி மருதப்பன் மகள் வாகினி!"

"அடியாத்தி, நம்ம மருதப்பன் பொண்ணா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவள் தலை நிமிராமல் மாதிரியை வைத்தாள். பெட்டி 'நோய் இல்லை' என்று காட்டியது. அமைச்சர் அவளுக்கு மாலை போட்டார்.

திலகவதி அவள் காதோடு சொன்னார்: "ஆத்தைத் தாண்டிப் போயிடு பாப்பா. அக்கரையிலயும் இதே பெட்டிதான். அங்க அதை உண்மை பேச விட்டிருக்காங்க."

அக்கரையில் பெட்டி உண்மையைச் சொன்னது. மாத்திரையும் கிடைத்தது. "உன் சிநேகிதனையும் கூட்டிட்டு வாம்மா. அவருக்கும் மருந்து கொடுக்கலேன்னா உனக்குத் திரும்பவும் தொத்திக்கும்" என்றார்கள்.

வெளியே வந்தால் வரிசையில் முக்காடு போட்ட ஒருவர், தன் மகனை முன்னே தள்ளிக்கொண்டு நின்றார். முக்காடு நழுவியது. மணவழகர்!

"ஐயா, நம்ம நாட்டுலதான் நோயே இல்லையே?"

"மெதுவா பேசும்மா," என்று கெஞ்சினார். "பையன் பேரு கெட்டுப்போயிரும்."

மறுநாளே மூன்றாவது ஆணை பிறந்தது. அக்கரைக்குப் படகு போகக் கூடாது. அமைச்சர் குடும்பம் அரசுமுறைப் பயணம் செல்லும் படகு மட்டும் விதிவிலக்கு.

வாகினி தன் சிநேகிதன் எழிலனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். அமைச்சரின் படகு கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அப்பனும் மகனும். கரையில் காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். எழிலன் பின்வாங்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

"ஐயா, ரெண்டு பேருக்கு எடம் இருக்கா?" என்று கேட்டாள். "இல்லேன்னா சொல்லுங்க. தம்பி பேரையும் அப்பா பேரையும் மரபுப்படி நானே கூவிடறேன்."

ஈட்டிகள் அமைச்சரின் முகத்தைப் பார்த்தன.

"அரசுமுறைப் பயணத்தில் பொதுமக்களும் பங்கேற்கலாம்" என்று கம்பீரமாக அறிவித்துவிட்டு, மணவழகர் தள்ளி உட்கார்ந்தார்.